வரப்போகும் லேப்டாப்பும் வரிசைக் குழப்பமும்

நாகர்கோவிலில் லேப்டாப் பழுதுபார்க்கும் என் மேசைக்கு, பொறியியல் கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலை மாதங்களில், பழுதான எந்திரங்களைவிட வாங்கப்போகும் எந்திரங்களைப் பற்றிய கேள்விகளே அதிகம் வருகின்றன. 2025ஆம் ஆண்டு ஜூனில் குலசேகரம் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாயின் கையில் இரண்டு கடைகளில் எழுதி வாங்கிய இரண்டு விலைச்சீட்டுகள் இருந்தன. இரண்டிலும் ஒரே நிறுவனம், ஒரே மாடல் பெயர், ஒரே 15.6 அங்குலத் திரை, ஒரே 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), ‘ரைசன் 5’ என்ற ஒரே பிராசஸர் (எந்திரத்தின் மூளையான சிப்) பெயர். விலையில் மட்டும் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம்.

“அண்ணே, ரெண்டும் ஒண்ணுதானே, பின்ன எதுக்கு நாலாயிரம் கூட?” என்று தாய் கேட்டார். மகளின் கேள்வி வேறு. “ஜனவரியில புது சிப் வருதுன்னு சொல்லுதாங்க அண்ணே. அதுவரைக்கும் பொறுத்துப் பாக்கட்டா?”

இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு நிறுவனம் தன் லேப்டாப்புகளை எந்த ஒழுங்கில் அடுக்குகிறது, அந்த அடுக்கில் எது எங்கே இருக்கிறது என்பதைப் பெயரில் எந்த அளவுக்கு வெளிப்படையாகச் சொல்கிறது என்பதில்தான் இரண்டுக்குமான விடை இருக்கிறது. அடுத்து வரப்போகும் மாடல்களைப் பற்றிய ஊகங்கள் பெரும்பாலும் வேகத்தையும் எடையையும் பற்றியே பேசுகின்றன. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் சீட்டு எடுத்தோ நகையை அடகு வைத்தோ லேப்டாப் வாங்கும் குடும்பத்துக்கு, அந்த வேகத்தைவிட இந்த அடுக்கே முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அந்த நாலாயிரம் ரூபாய்க்கு வருகிறேன். ஒரு சீட்டில் பிராசஸரின் முழு எண் 7520யூ என்றும், மற்றதில் 7530யூ என்றும் இருந்தது. ரைசன் சிப்பைச் செய்யும் ஏஎம்டி நிறுவனம் 2022 செப்டம்பரில் அறிவித்த பெயரிடும் முறைப்படி, இந்த நான்கு இலக்கங்களில் முதலாவது ஆண்டையும் மூன்றாவது உள்கட்டமைப்பின் தலைமுறையையும் குறிக்கின்றன. இரண்டுமே 7 என்று தொடங்குவதால் இரண்டும் 2023ஆம் ஆண்டு வரிசை. ஆனால் மூன்றாம் இலக்கம் 2 என்றால் அதன் உள்ளே இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பு, 3 என்றால் அதற்கு அடுத்த ஜென் 3. முன்னதில் நான்கு கோர்கள் (சிப்புக்குள் கணக்கிடும் அலகுகள்), பின்னதில் ஆறு. இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. 7520யூ சிப் எல்பிடிடிஆர்5 என்ற வகை நினைவகத்தை மட்டுமே ஏற்கும். அந்த வகை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருவதால், 8 ஜிபியோடு வாங்கினால் எந்திரம் சாகும்வரை 8 ஜிபிதான். 7530யூ சாதாரண டிடிஆர்4 நினைவகத்தையும் ஏற்கும் என்பதால், பல மாடல்களில் பின்னால் ராம் செருக ஒரு ஸ்லாட்டாவது இருக்கும்.

அதாவது, அந்தத் தாயின் கையில் இருந்தவை ஒரே எந்திரத்தின் இரண்டு விலைகள் அல்ல. ஒரே பெயரைச் சூடிய இரண்டு வேறு எந்திரங்கள். இதை அறிய நான்கு இலக்க எண்ணில் மூன்றாவதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பிளஸ் டூ மாணவியிடம் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. ஏஎம்டி மட்டும் இப்படிச் செய்வதில்லை. இன்டெல் 2023 டிசம்பரில் ‘கோர் அல்ட்ரா’ என்ற பெயரைக் கொண்டுவந்து, பழக்கப்பட்ட ‘ஐ5’, ‘ஐ7’ ஆகியவற்றில் இருந்த ‘ஐ’ எழுத்தை நீக்கியது. அடுத்த மாதமே ‘அல்ட்ரா’ இல்லாத ‘கோர் 7 150யூ’ என்ற சிப்பும் வந்தது. ‘கோர் அல்ட்ரா 7 155யூ’ புதிய கட்டமைப்பு, ‘கோர் 7 150யூ’ முந்தைய கட்டமைப்பின் மறுபதிப்பு. விளம்பரப் பலகையில் இரண்டுக்கும் நடுவே ஒரு சொல்லும் ஓர் இலக்கமுமே வித்தியாசம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டுக்கு, எந்திரத்தைச் செய்பவர் 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் மின்சாரம் ஒதுக்கலாம். ஒல்லியான எந்திரத்தில் இருக்கும் 4060, தடித்த எந்திரத்தில் இருக்கும் 4060 அளவுக்கு வேலை செய்யாது. இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றே.

இனி மகளின் கேள்வி. புதிய மாடல்களைப் பற்றிய ஊகங்கள் வெறும் வதந்திகள் அல்ல. அவற்றுக்கு நம்பத்தகுந்த ஊற்றுகள் உண்டு. சிப் நிறுவனங்கள் தங்கள் அறிவிப்புகளை ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியிலோ, மே இறுதி, ஜூன் தொடக்கத்தை ஒட்டித் தைபேயில் நடக்கும் கம்ப்யூடெக்ஸிலோ வெளியிடுவது வழக்கம் ஆதலால், லேப்டாப்புகளின் பருவமும் அதையே பின்பற்றுகிறது. சிப் வெளியாவதற்குப் பல மாதங்கள் முன்பே, அதற்கான நிரல்களை அந்நிறுவனங்களின் பொறியாளர்கள் லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலில் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவை எவரும் படிக்கத்தக்க பொது ஆவணங்கள். மூன்றாவது ஊற்று அரசுப் பதிவேடுகள். இந்தியாவில் லேப்டாப்புகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. எந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். விற்பனைக்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும் என்பதால், பதிவேட்டில் ஒரு புதிய மாடல் எண் தோன்றுவதே அது வரப்போகிறது என்பதற்கான சான்று.

இந்த ஊற்றுகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலத்தைச் சரியாகவே சொல்லும். அந்த மாணவி கேள்விப்பட்ட இன்டெல் சிப், ‘பேந்தர் லேக்’ என்ற குறியீட்டுப் பெயரில் பேசப்பட்டது, சொன்னபடியே 2026 ஜனவரியில் ‘கோர் அல்ட்ரா’வின் மூன்றாம் வரிசையாக வந்தது. ஆனால் அது எந்த விலை அடுக்கில் முதலில் வரும், இந்தியாவுக்கு எந்த வடிவம் வரும், ராம் ஸ்லாட் இருக்குமா, நம் ஊர்க் கடைக்கு எப்போது வந்து சேரும் என்பவற்றை எந்தப் பதிவேடும் சொல்லாது. புதிய சிப் பொதுவாக மேல்தட்டு மாடல்களிலேயே முதலில் இறங்குகிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் வாங்குபவருக்கு அது எட்ட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், அதுவும் பெரும்பாலும் பழைய கட்டமைப்பு புதிய பெயரில் வருவதாகவே இருக்கும். ஆகவே “பொறுக்க வேண்டாம் மக்களே, ஜனவரியில வரப்போறது உனக்குள்ளது இல்ல” என்றுதான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்.

பின்னால் நடந்தது அந்தப் பதிலுக்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்தது. 2025இன் கடைசி மாதங்களில் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்கு வேண்டிய நினைவகத்தைச் செய்வதற்கே உற்பத்தியாளர்கள் முன்னுரிமை கொடுத்ததால், லேப்டாப்புக்கும் மேசைக்கணினிக்கும் வேண்டிய ராம் தட்டுப்பாடாயிற்று. ‘குரூஷியல்’ என்ற பெயரில் சில்லறைச் சந்தையில் ராமும் எஸ்எஸ்டியும் (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புதிய மாடலுக்காகக் காத்திருந்தவர்கள் புதிய விலையைத்தான் முதலில் சந்தித்தார்கள்.

வரிசை எப்படி அமைய வேண்டும் என்ற பேச்சில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒரு முன்மாதிரி, 1998இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய நான்கு கட்டங்கள். பொதுப் பயனர், தொழில்முறைப் பயனர் என்று ஒரு பக்கம், மேசைக்கணினி, லேப்டாப் என்று மறுபக்கம், ஆக நான்கே எந்திரங்கள். அதே ஆப்பிள் நிறுவனம் இருபது ஆண்டுகள் கழித்து அதை மறந்தது. 2018இன் இறுதியில் அதன் சிறிய லேப்டாப்புகளில் 12 அங்குல மேக்புக், பழைய திரையோடு தொடர்ந்து விற்கப்பட்ட பழைய மேக்புக் ஏர், புதிய ஏர், டச் பார் (கீபோர்டின் மேல்வரிசையில் வரும் தொடுதிரைப் பட்டை) இல்லாத 13 அங்குல மேக்புக் புரோ, டச் பார் உள்ள 13 அங்குல புரோ என்று ஐந்து எந்திரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எடை குறைந்தது ‘ஏர்’ என்று பெயரே சொல்லியிருக்க, 12 அங்குல மேக்புக் அதைவிட இலேசாக இருந்தது! 2019இல் அந்த மேக்புக்கும் பழைய ஏரும் போயின. ஆனாலும் 13 அங்குல புரோ, எம்2 சிப்போடு 2023 அக்டோபர் வரை தேவையின்றி நீடித்தது. 2023 ஜூனில் 15 அங்குல ஏர் வந்தபோதுதான், திரை பெரிதாக வேண்டும் என்பதற்காக மட்டும் புரோவின் விலையைக் கொடுக்கும் நிலை நீங்கியது. திரையின் அளவு ஒரு தேவை, ஆற்றல் வேறொரு தேவை என்று பிரித்துப் பார்த்த அந்த முடிவை, சமீப காலத்தில் எடுக்கப்பட்ட மிக நல்ல வரிசை முடிவாக நான் கருதுகிறேன்.

டெல் நிறுவனத்தின் கதை நேர்மாறானது. 2025 ஜனவரியில் அது எக்ஸ்பிஎஸ், இன்ஸ்பிரான், லாட்டிடியூட், பிரெசிஷன் ஆகிய பெயர்களை விட்டுவிட்டு, டெல், டெல் புரோ, டெல் புரோ மேக்ஸ் என்று மூன்றாகப் பிரித்தது. பின் ஒவ்வொன்றுக்குள்ளும் பிளஸ், பிரீமியம் என்று அடுக்குகள் வைத்தது. காகிதத்தில் இது ஒழுங்காகவே இருந்தது. ஆனால் ‘லாட்டிடியூட்’ என்றால் அலுவலக எந்திரம், கழற்றிப் பழுதுபார்க்கலாம், உதிரிபாகம் கிடைக்கும் என்று கால் நூற்றாண்டாக மக்கள் மனதில் சேர்ந்திருந்த அறிவை ‘டெல் புரோ’ என்ற பெயரால் ஒரே நாளில் பெற முடியாது. சரியாக ஓராண்டில், 2026 ஜனவரியில், எக்ஸ்பிஎஸ் என்ற பெயரை டெல் திரும்பக் கொண்டுவந்தது.

என் மேசையில் அதிகம் புழங்குவது திங்க்பேட் வரிசை. 1992இல் ஐபிஎம் தொடங்கி, 2005இல் லெனோவோ கைக்குப் போன பெயர் அது. அதன் ‘டி’ வரிசையில், பின்னால் ‘எஸ்’ என்ற எழுத்து இருந்தால் ஒல்லியானது, இல்லாவிட்டால் தடித்தது. 2018இன் டி480இல் இரண்டு ராம் ஸ்லாட்டுகள், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும்படி இன்னொன்று. டி480எஸ்ஸில் ஒரு பகுதி ராம் பற்றவைக்கப்பட்டது, ஸ்லாட் ஒன்றுதான். ஓர் எழுத்தைச் சொன்னால் போதும், எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்பது தெரிந்துவிடும். தலைமுறை எண்ணும் அப்படியே பயன்பட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபோது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லின் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும் என்ற விதியால், பழைய எந்திரம் வாங்குவோர் பலர் வந்து விசாரித்தார்கள். 7ஆம் தலைமுறை பிராசஸர் உள்ள டி470 வேண்டாம், 8ஆம் தலைமுறை உள்ள டி480 வாங்கலாம் என்று தொலைபேசியிலேயே சொல்ல முடிந்தது. ஒரு பெயர் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அப்படியானால் வரப்போகும் வரிசை எப்படி இருக்க வேண்டும்? பின்னால் மாற்ற முடியாதவற்றைக் கொண்டு வரிசையைப் பிரிக்க வேண்டும் என்பது என் எண்ணம். எஸ்எஸ்டியை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம். திரை, பற்றவைத்த ராம், போர்ட்டுகள், ஹிஞ்சின் (மூடியைப் பிடித்திருக்கும் கீலின்) உறுதி, குளிர்விக்கும் திறன் ஆகியவற்றை வாங்கும் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே எடை குறைந்தது, கழற்றி வளர்க்கத்தக்கது, கனமான வேலைக்குரியது என்று மூன்று குடும்பங்கள் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு திரை அளவுகள், பெயரில் ஓர் ஆண்டு எண். ஒரே பெயரில் ஸ்லாட் உள்ளதும் இல்லாததும் இருக்கவே கூடாது. இருந்தால் ‘எஸ்’ போன்ற ஓர் எழுத்தாவது பெயரிலேயே வேண்டும்.

ராம் விலை ஏறியிருக்கும் இந்த வேளையில் இது இன்னும் அவசரமாகிறது. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதத்தில், செயற்கை நுண்ணறிவு வசதியுள்ள ‘கோபைலட் பிளஸ்’ எந்திரங்களுக்குக் குறைந்தது 16 ஜிபி என்று விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிளும் தன் மேக்குகளின் தொடக்க அளவை 16 ஜிபியாக உயர்த்தியது. 8 ஜிபியின் காலம் முடிந்தது என்று நானும் மகிழ்ந்தேன். இப்போது விலை அழுத்தத்தால் கீழ்த்தட்டு மாடல்கள் மீண்டும் 8 ஜிபியோடு வரும் என்ற ஊகம் வலுவாக இருக்கிறது. வரட்டும், அதில் பிழையில்லை. பற்றவைத்த 8 ஜிபியாக வருவதுதான் பிழை. ஸ்லாட் இருந்தால், முதலாம் ஆண்டில் பாடக்குறிப்பும் சி நிரலும் எழுதும் பிள்ளை, மூன்றாம் ஆண்டில் ஆட்டோகேடோ ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோ தேவைப்படும்போது, விலை இறங்கியிருந்தால் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்வாள். ஸ்லாட் இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் இன்னொரு லேப்டாப்புக்குத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

மாடல்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதன் நன்மையை இந்த மாவட்டத்தில் நேரில் கண்டிருக்கிறோம். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஒரே மாதிரியான எந்திரங்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தன. அவற்றின் ஆற்றல் மிதமானதுதான். ஆனால் ஒன்றின் சார்ஜர் இன்னொன்றுக்குப் பொருந்தியது, திரை உடைந்த ஒன்றின் கீபோர்டு மற்றொன்றுக்கு உயிர் கொடுத்தது. இப்போது கடைக்கு வரும் மாடல்களில் ஒரே பெயருக்கு நாலைந்து வகைப் பேட்டரி, மூன்று வகை ஹிஞ்ச். உதிரிபாகத்துக்குச் சென்னைக்கு ஆர்டர் போட்டு, வந்தது பொருந்தாமல் திருப்பியனுப்பி, வாடிக்கையாளர் இரண்டு வாரம் அலைகிறார். 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள்; இப்படிப்பட்ட கொள்முதல்களில் வேகத்தோடு உதிரிபாகப் பொருத்தத்தையும் ஓர் அளவுகோலாக வைத்தால் அதன் பலன் பல்லாண்டு நிற்கும்.

இந்த மண்ணுக்கென்று சில தேவைகளும் உண்டு. சென்ற ஆண்டு குளச்சலில் கடலுக்கு அருகில் குடியிருக்கும் ஒருவரின் லேப்டாப்பைத் திறந்தேன். வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. டைப்-சி போர்ட்டின் உள்ளே பச்சைக் களிம்பு, ஃபேனின் தகடுகளுக்கு இடையில் ஈரத்தோடு இறுகிய தூசி, திருகாணிகளின் தலையில் வெள்ளைப் பூப்பு. ஹிஞ்சைப் பிடித்திருந்த சிறு பித்தளை நட்டுகள் பிளாஸ்டிக்கிலிருந்து பிய்ந்து தனியே கிடந்தன. உப்புக்காற்று முதலில் ஹிஞ்சை இறுக்கமாக்குகிறது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை பிளாஸ்டிக்கின் மேல் விழுந்து, கடைசியில் அடிப்பாகமே பிளக்கிறது. நிறுவனங்கள் மேல்மூடியை அலுமினியத்தில் செய்து அதை விளம்பரப்படுத்துகின்றன. மேல்மூடி பிளாஸ்டிக்காக இருந்து, ஹிஞ்ச் பதியும் இடம் உலோகமாக இருந்தால், கடலோர மக்களுக்கு அதுவே பெரிய உதவி. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில், ஐப்பசி இடிமின்னலில் சார்ஜர்கள் கருகுவதும் ஆண்டுதோறும் நடப்பது.

சார்ஜர் விஷயத்தில் மட்டும் நல்லது தானாக நடந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் விதி 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புகளுக்கும் பொருந்துவதால், வட்டப் பின் சார்ஜர்கள் படிப்படியாக மறையும். நாகர்கோவில், இரணியல், குழித்துறை நிலையங்களில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குச் சென்று திரும்புபவர்கள், வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என்று 65 வாட் டைப்-சி சார்ஜர் வைத்துக்கொண்டால் போதும் என்ற நிலை வந்துவிட்டது.

வளைகுடாவிலிருந்து அண்ணனோ மாமாவோ கொண்டுவரும் எந்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே விற்பதும் இங்கே விற்பதும் பெயரளவில் ஒன்றாக இருந்தாலும், உள்ளே ராம் அமைப்பும் வாரண்டி விதியும் வேறாக இருக்கலாம். கீபோர்டில் அரபு எழுத்து இருப்பது அவற்றில் மிகச் சிறிய வேறுபாடு. வாங்குவதற்கு முன் அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

குலசேகரத்துத் தாய் அன்று 7530யூ உள்ளதையே வாங்கினார். மாலையில் பில்லைக் காட்டியபோது, அதில் பிராண்டின் பெயரும் ‘லேப்டாப் - 1’ என்பதும் மட்டுமே இருந்தன. திரும்பப் போய், இடையில் வரும் கோடுகள் உட்பட முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்கச் சொன்னேன். கடைசிப் பேருந்துக்கு நேரமாகியும் போய் வாங்கி வந்தார்கள். செப்டம்பரில் மகள் மட்டும் வந்தாள். அந்த எண்ணைப் பார்த்து, எந்த ராம் என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து, காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட்டுக் கொடுத்தேன். விலை அப்போது இந்த அளவுக்கு ஏறியிருக்கவில்லை.